நாணயக் குறிப்பைத் திருத்திக்கொள்வது நாமேயா, தரகர் மூலமா?

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் வட்டாரத்து அங்கத்தினர்கள் பலர் சில காலமாக ஒரே கேள்வியை வெவ்வேறு வார்த்தைகளில் கேட்டு வருகின்றனர். "சிபிலில் என் பெயர் கெட்டிருக்கிறதாம், ஏழாயிரம் ரூபாய் கொடுத்தால் ஒரு மாதத்தில் சரிசெய்து தருவதாக ஒருவர் சொல்லுகிறார், கொடுக்கலாமா?" என்பதே அக்கேள்வி. கேட்பவர் அனகாபுத்தூரில் தறி வைத்திருப்பவராக இருக்கலாம். குன்றத்தூரில் பட்டு நெய்பவராகவோ, மணிமங்கலம் ஏரிப் பாசனத்தில் நெல் பயிரிடுபவராகவோ இருக்கலாம். பெரும்பாலோருக்கு அத்தொகையைக் கொடுக்க வேண்டுவதில்லை என்பதே விடை. ஏன் வேண்டுவதில்லை என்பதையும், எவருக்குப் பிறர் உதவி வேண்டியிருக்கும் என்பதையும் இங்கே விளக்க முற்படுகிறேன்.

கடன் கொடுப்பவர் வாங்குபவருடைய நாணயத்தை விசாரிப்பது புதிய வழக்கமன்று. சென்னை மாகாணத்தில் பிரடெரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரி ஐரோப்பியக் கடன் சங்கங்களை ஆராய்ந்து, 1895-லும் 1897-லும் இரு தொகுதிகளாகத் தம் அறிக்கையை வெளியிட்டார். ஜெர்மனியில் ராய்பைசன் அமைத்த கிராமச் சங்கங்களே நமக்கு ஏற்றவை என்பது அவர் கண்ட முடிவு. ஒருவரையொருவர் நன்கறிந்த ஒரே ஊரார் சேர்ந்து, ஒருவர் நாணயத்துக்கு மற்றவர் பொறுப்பாக நிற்பது அச்சங்கங்களின் அடிப்படை. 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்ததும், அவ்வாண்டிலேயே திரூரில் வேளாண்மைக் கடன் சங்கமும் காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவு வங்கியும் தோன்றின. அக்காலத்தில் அங்கத்தினரின் நாணயத்துக்கென்று தனி ஏடு ஒன்றும் தேவைப்படவில்லை. பஞ்சாயத்தாரின் நினைவே ஏடு. தம்மைப் பற்றித் தவறாக ஒருவர் சொன்னால், அங்கத்தினர் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று, "நான் கட்டிவிட்டேன், இதோ ரசீது" என்று சொல்ல முடிந்தது.

இன்று அந்த ஏடு நம் கண்ணுக்கு எட்டாத இடத்திற்குப் போய்விட்டது. ஆனால், எழுந்து நின்று ஆட்சேபிக்கும் உரிமை போய்விடவில்லை. அது சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. பலர் இதை அறியாதிருப்பதே தரகர்களின் பிழைப்புக்கு வழியாயிற்று.

சிபில் என்பது 2000-ஆம் ஆண்டில் மும்பையில் தொடங்கப்பட்ட கடன் தகவல் நிறுவனம். கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டு, 2006 டிசம்பரில் அமலுக்கு வந்தது. அச்சட்டப்படி இயங்கும் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹை மார்க் என்பன. வனஸ்பதி அனைத்தையும் டால்டா என்று சொல்லிப் பழகிய நாம், இந்நான்கையும் சிபில் என்றே சொல்லி வருகிறோம். கடன் கொடுக்கும் நிறுவனம் ஒவ்வொன்றும் நான்கிலும் சேர வேண்டுமென ரிசர்வ் வங்கி 2015-இல் உத்தரவிட்டது. நாம் எப்போது எவ்வளவு வாங்கினோம், எந்தத் தவணை எத்தனை நாள் தாமதித்தது என்னும் விவரங்களை அவை அனுப்புகின்றன. மாதத்தில் இருமுறையேனும் இவ்விவரங்களை அனுப்ப வேண்டும் என்ற விதி 2025 ஜனவரி 1-இல் அமலுக்கு வந்தது. இவற்றைக் கொண்டு 300 முதல் 900 வரையில் ஒரு மதிப்பெண் கணிக்கப்படுகிறது.

ஒரு விஷயத்தை நன்கு மனத்தில் இருத்த வேண்டும். கடன் தகவல் நிறுவனம் தானாக எதையும் எழுதுவதில்லை. எழுதுபவர் கடன் கொடுத்த வங்கியார் அல்லது நிதி நிறுவனத்தார். ஏட்டை வைத்துக் காப்பவர் தகவல் நிறுவனத்தார். எழுதியவர் "ஆம், பிழைதான்" என்று ஒப்புக்கொண்டாலன்றி, காப்பவர் ஓர் எழுத்தையும் மாற்றுவதற்கில்லை. இவ்விருவரைத் தவிர மூன்றாமவர் எவரிடமும் அவ்வேட்டின் சாவி கிடையாது. "எனக்குச் சிபில் ஆபீசில் ஆள் இருக்கிறது" என்று எவரேனும் சொன்னால், அவர் பேச்சை அத்துடன் நிறுத்திவிடலாம்.

இனி, பிழைகள் எவ்வாறு புகுகின்றன என்பதைப் பார்ப்போம். நம் நாட்டில், குறிப்பாகத் தமிழர்களிடையே, முதற்காரணம் நம் பெயர் வழக்கு. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை; தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டு. கு. முருகேசன் என்பவர் குடும்ப அட்டையில் ஒரு விதமாகவும், பான் அட்டையில் தந்தை பெயரை விரித்து முருகேசன் குப்புசாமி என்றும், வேறோர் இடத்தில் குப்புசாமி முருகேசன் என்றும் பதிவாகியிருப்பார். அதே தெருவில் கோ. முருகேசன் என்று மற்றொருவரும் இருப்பார். ஆங்கிலத்தில் எழுதும்போது இருவருக்கும் முதலெழுத்து ஒன்றே. பிறந்த தேதி தெரியாமல் உத்தேசமாக எழுதியதும் சேர்ந்துகொண்டால், ஒருவர் வாங்கிய கடன் மற்றவர் கணக்கில் ஏறிவிடுகிறது. மோட்டார் சைக்கிளே ஏறியறியாத முதியவர் ஒருவர் பெயரில் மோட்டார் சைக்கிள் கடன் நிலுவை காட்டியதை நான் பார்த்திருக்கிறேன். இது எவருடைய சூதுமன்று, எழுத்துப் பிழை.

இரண்டாவது, கட்டி முடித்த கடன் முடிந்ததாகத் தெரிவிக்கப்படாமை. நிதி நிறுவனத்தின் கிளை மூடப்படும். அல்லது கடன் வேறு நிறுவனத்துக்கு விற்கப்படும். பழைய பாக்கி மாத்திரம் ஏட்டில் நின்றுவிடும். மூன்றாவது, குழுக் கடன். மகளிர் குழுவில் பத்துப் பேர் சேர்ந்து வாங்கும்போது, வசூலுக்கு வருபவர் பணத்தை யார் பெயரில் வரவு வைத்தார் என்பதை எவரும் கவனிப்பதில்லை. கையில் உள்ள அட்டையில் கையொப்பம் இருக்கும். நிறுவனத்தின் கணக்கில் வரவு இராது. நான்காவது ஜாமீன். உறவினருக்காக ஜாமீன் கையெழுத்திட்டவர் அத்துடன் அதை மறந்துவிடுகிறார். அவருடைய அறிக்கை மறப்பதில்லை. ஆனால் இது பிழையன்று, மெய்யான பொறுப்பு. கடன் வாங்கியவர் தவணை தவறினால் ஜாமீன்தாரின் குறிப்பும் கெடும்.

ஐந்தாவதாக ஒன்று உண்டு. இதில் ஏமாறுவோர் மிகுதி. ஐம்பதினாயிரம் பாக்கிக்கு, "முப்பதினாயிரம் கட்டுங்கள், முடித்துக்கொள்வோம்" என்று வசூல் அலுவலர் சொல்லுவார். இருபதினாயிரம் லாபம் என்று மகிழ்ந்து கட்டிவிடுவோம். ஏட்டில் அக்கடன் "முடிந்தது" என்று பதியப்படாது. "சமரசமாகத் தீர்க்கப்பட்டது" என்றே பதியப்படும். அடுத்தாற்போல் கடன் கேட்கும் இடத்தில் இதை முழுதும் கட்டாத கடன் என்றே படிப்பர். நெருக்கடியில் சமரசம் செய்துகொள்வது குற்றமன்று. சில வேளைகளில் அதைவிட வேறு வழியுமில்லை. எந்தச் சொல் ஏட்டில் ஏறும் என்பதை எழுத்து மூலம் கேட்டுக்கொண்டு அதன்பின் கட்டுவதே முறை. பின்னாளில் கையில் வசதி வரும்போது மீதத்தைக் கட்டி, "முடிந்தது" என்று மாற்றித் தருமாறு கேட்பதற்கும் இடமுண்டு.

இப்போது தரகர் செய்வது என்னவென்று பார்ப்போம். அவர் உங்கள் பெயரில் அறிக்கையை வரவழைக்கிறார். அதற்காக உங்கள் பான் அட்டையையும், கைப்பேசிக்கு வரும் ரகசிய எண்ணையும் கேட்டுப் பெறுகிறார். பின்னர் தகவல் நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் பெயரிலேயே ஆட்சேப மனுவைப் பதிகிறார். இம்மனுவுக்குக் கட்டணம் ஒரு காசும் கிடையாது. மனு வங்கிக்குப் போகிறது, வங்கி பிழையென்று ஒப்பினால் திருத்தம் நடக்கிறது, ஒப்பாவிட்டால் நடப்பதில்லை. ஆக, தரகர் பெற்ற ஏழாயிரம், பத்தாயிரம் எல்லாம் இலவச மனு ஒன்றைப் பூர்த்தி செய்த கூலியே. தபாலாபீசு வாசலில் மணியார்டர் பாரம் எழுதித் தந்தவர்களுக்கு முன்னாளில் நாலணா கொடுத்தோம். அது நியாயமான கூலி.

கூலியோடு போனால் அதிலும் பாதகமில்லை. வேறு ஆபத்துக்களும் உண்டு. மெய்யான பாக்கியைக்கூடப் பொய்யென்று எழுதி மனுக்களை அடுக்குவோர் இருக்கின்றனர். மனு உங்கள் பெயரில் போவதால் பொய் சொன்னவரும் நீங்களே ஆகிறீர்கள். மதிப்பெண் ஏறியதா என்று பார்ப்பதற்காகப் பல இடங்களில் கடன் விண்ணப்பம் போட்டுவிடுவோரும் உண்டு. குறுகிய காலத்தில் பல விண்ணப்பங்கள் சேர்ந்தால் மதிப்பெண் மேலும் இறங்குமேயன்றி ஏறாது. எல்லாவற்றிலும் கொடியது, ரகசிய எண்ணையும் அட்டைப் பிரதிகளையும் பெற்றவர் உங்கள் பெயரில் புதுக்கடனே வாங்கிவிடக் கூடுவது.

அமெரிக்காவில் இத்தொழில் நெடுநாளாக நடைபெறுகிறது. அங்கு ஏமாற்று மிகுந்தமையால் 1996-இல் தனிச் சட்டமே செய்தனர். வேலை முடியுமுன் ஒரு டாலரும் வாங்கலாகாது. எழுத்து மூல ஒப்பந்தம் வேண்டும். கையெழுத்திட்டவர் மூன்று வேலை நாட்களுக்குள் காரணமின்றியே ரத்து செய்யலாம். பொய் சொல்லுமாறு வாடிக்கையாளருக்கு யோசனை கூறலாகாது என்பன அதன் விதிகள். நம் நாட்டில் இத்தகைய தரகர்களுக்கென்று தனிச்சட்டமோ உரிமமோ இல்லை. எனவே "அரசு அங்கீகாரம் பெற்ற" என்று எவரேனும் பலகை மாட்டினால், அந்த அங்கீகாரம் எங்கே என்று கேட்பது நம் கடமை. இதையொட்டிய மற்றொரு மோசடியைப் பற்றி ரிசர்வ் வங்கி 2023 டிசம்பரில் பொதுமக்களை எச்சரித்தது: சேவைக் கட்டணம், சட்டக் கட்டணம் என்று வாங்கிக்கொண்டு, யாதோர் அதிகாரமுமின்றிக் "கடன் தள்ளுபடிச் சான்றிதழ்" வழங்குவோர் கிளம்பியிருக்கின்றனர் என்பதே அவ்வெச்சரிக்கை. அக்காகிதத்தை நம்பித் தவணையை நிறுத்தியவரின் கதி என்னவாகும் என்பதை ஊகிக்கலாம்.

நாமே செய்வது எங்ஙனம்? முதலில் அறிக்கையைப் பெற வேண்டும். 2017 ஜனவரி முதல், நான்கு நிறுவனங்களும் ஒவ்வொருவருக்கும் காலண்டர் ஆண்டொன்றுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தரக் கடமைப்பட்டவை. நான்கிலும் ஒவ்வொன்று பெறலாம் என்பதைப் பலர் அறியார். ஒன்றில் உள்ள பிழை மற்றொன்றில் இல்லாதிருக்கலாம். ஆதலால் நான்கையும் பார்ப்பது நலம். இணையதளத்தில் மாதச்சந்தா, ஆண்டுச்சந்தா என்று பகட்டான அழைப்புகள் முன்வந்து நிற்கும். இலவச அறிக்கை சற்று ஒதுங்கியே இருக்கும். தேடி எடுக்க வேண்டும்.

அறிக்கை வந்ததும் மதிப்பெண்ணைப் பார்த்துக் கலங்கிக் கொண்டிராமல், கடன் கணக்குகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். இது நம் கடனா? தொகை சரியா? கட்டி முடித்தது முடிந்ததாக இருக்கிறதா? தாமதித்ததாகக் காட்டும் மாதத்தில் நம்மிடம் ரசீது இருக்கிறதா? பெயர், பிறந்த தேதி, விலாசம், பான் எண் ஆகியவற்றையும் சரிபார்க்க வேண்டும். நமக்குத் தொடர்பில்லாத விலாசம் காணப்பட்டால் வேறொருவர் கணக்கு கலந்திருப்பதற்கு அதுவே அடையாளம்.

பிழை கண்டால், தகவல் நிறுவனத்துக்கும் கடன் கொடுத்தவருக்கும் ஒரே நாளில் மனுச் செய்துவிடுவது என் யோசனை. மனு நீண்டிருக்க வேண்டுவதில்லை. கடன் கணக்கு எண், பிழை இன்னது, சரியான விவரம் இன்னது, ஆதாரம் இன்னது என்ற நான்கும் போதும். வறுமையையும் வருத்தத்தையும் விரித்தெழுதினால் படிக்கும் குமாஸ்தாவுக்குக் கணக்கு எண் கண்ணில் படாது. ரசீது, கடன் முடிவுச் சான்று, வங்கிப் புத்தகத்தின் பக்கம் ஆகியவற்றின் பிரதிகளை இணைக்க வேண்டும். அசலை எவரிடமும் கொடுக்கலாகாது. கடன் கொடுத்தவருக்கு அனுப்புவதை, அவரிடம் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும் வகையில் தபாலில் அனுப்புங்கள். இணையத்தில் பதிந்த மனுவுக்குக் கிடைக்கும் புகார் எண்ணைக் குறித்து வையுங்கள்.

அன்று தொடங்கி நாள் எண்ணப்படுகிறது. 30 நாட்களுக்குள் மனு தீர்க்கப்பட வேண்டும். அதில் கடன் கொடுத்தவருக்கு 21 நாள். எஞ்சிய நாட்கள் தகவல் நிறுவனத்துக்கு. 30 நாள் கடந்தால், கடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ. 100 வீதம் மனுதாரருக்கு நஷ்டஈடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் உத்தரவிட்டு, அது 2024 ஏப்ரல் 26 முதல் அமலிலிருக்கிறது. 47-ஆம் நாள் தீர்ந்தால் 17 நாளுக்கு ரூ. 1,700 நம் வங்கிக் கணக்கில் வரவாக வேண்டும். 21 நாளுக்குள் கடன் கொடுத்தவர் திருத்தம் அனுப்பத் தவறியிருந்தால் அவர் கொடுப்பார். அவர் அனுப்பியும் தகவல் நிறுவனம் தாமதித்தால் அது கொடுக்கும். மனுவை ஏற்க மறுத்தால் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும் என்பதும் அவ்வுத்தரவில் உண்டு. மதிப்பெண்ணைக் கணிக்கும் முறை பற்றிய சச்சரவுக்கு இந்நஷ்டஈடு பொருந்தாது. தரகரிடம் பணம் கொடுத்துக் காத்திருப்பவர் எத்தனை பேர் இந்த நூறு ரூபாயைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்களோ, அறியேன்.

அதிலும் நியாயம் கிட்டாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தகவல் நிறுவனங்களும் 2022 செப்டம்பர் முதல் அவருடைய விசாரணைக்கு உட்பட்டவை. இணையத்திலும் தபாலிலும் மனுச் செய்யலாம், கட்டணமில்லை. 14448 என்ற தொலைபேசி எண்ணில் விளக்கம் கேட்கலாம். வக்கீல் மூலம் மனுச் செய்ய 2021-ஆம் ஆண்டுத் திட்டம் இடந்தரவில்லை. பாதிக்கப்பட்டவர் தாமோ, வக்கீலல்லாத தம் பிரதிநிதி மூலமோதான் செய்ய வேண்டும் என்று வகுத்ததன் கருத்து, எளியவர் செலவின்றி வர வேண்டும் என்பதே.

இவ்வளவும் பிழையான பதிவுக்கு. பதிவு மெய்யாக இருந்தால் என்ன செய்வது? இங்கே இனிப்பாகச் சொல்ல ஒன்றுமில்லை. மெய்யான தாமதத்தை நாமும் அழிக்க முடியாது. தரகரும் அழிக்க முடியாது. தகவல்கள் குறைந்தது ஏழு ஆண்டுகள் பாதுகாக்கப்பட வேண்டும் என்பது விதி. நிலுவையைக் கட்டி முடித்து, நடப்புத் தவணைகளை நாள் தவறாமல் செலுத்தி வந்தால் குறிப்பு படிப்படியாகச் சீராகும். தறிக்குப் பாவு வாங்குவதற்கும் பிள்ளையின் கல்லூரிச் சம்பளத்திற்கும் ஒரே மாதத்தில் மூன்று இடங்களில் கடன் வாங்கிவிட்டு மூன்றிலும் தடுமாறுவதே நம்மவர் குறிப்பு கெடுவதற்கு நான் கண்டவரையில் பெருங்காரணம். சிறு நிதி நிறுவனக் கடன்களில், குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை மாத வருமானத்தில் பாதிக்கு மேற்படலாகாது என்று 2022 முதல் விதி இருக்கிறது. கொடுப்பவர் அதைக் கவனிக்காவிட்டாலும் நாம் கவனிக்கலாம்.

முதன்முறை கடன் கேட்பவருக்கு ஒரு வார்த்தை. ஏட்டில் பெயரே இல்லாதிருப்பது குற்றமன்று. முன் கடன் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக விண்ணப்பத்தைத் தள்ளலாகாது என்று ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியுள்ளதாக 2025-இல் நாடாளுமன்றத்தில் மத்திய அரசு தெரிவித்தது. "முதலில் சிபில் உண்டாக்கித் தருகிறேன்" என்று இதற்கும் தரகர் உண்டு, அவருக்கு வேலையில்லை.

நம் சங்கங்களைப் பொறுத்தவரை மற்றொரு சங்கடம் இருக்கிறது. கூட்டுறவு வங்கிகள் சட்டப்படி தகவல் அனுப்பும் நிறுவனங்களைச் சேர்ந்தவை. ஆனால் சங்கத்தில் இருபது ஆண்டுகள் ஒழுங்காக வாங்கிக் கட்டியவரின் கணக்கு அறிக்கையில் காணப்படாமல் போவதுண்டு. வெளியே வாங்கிய ஒரே கடனில் ஏற்பட்ட சறுக்கல் மட்டும் பெரிதாகத் தெரியும். பயிர்க்கடனுக்குச் சிபில் அறிக்கை பார்ப்பது பற்றி 2025-இல் தமிழக விவசாயிகள் ஆட்சேபித்தபோது இந்தக் குறையும் அவர்கள் மனத்தில் இருந்திருக்க வேண்டும். இத்தகையோர் வங்கிக்குச் செல்லுகையில், சங்கத்தில் தாம் கடன் கட்டிய விவரத்தைக் காட்டும் சான்றைச் செயலாளரிடம் பெற்றுச் செல்லலாம். மானேஜர் அதற்கு மதிப்புக் கொடுத்தே தீர வேண்டும் என்பதில்லை, பலர் கொடுக்கிறார்கள். செயலாளர்களும் கடன் முடிவுச் சான்றை அங்கத்தினர் கேட்ட அன்றே எழுதிக் கொடுக்க வேண்டும். "அடுத்த வாரம் வாருங்கள்" என்பதால் அவருக்கு நஷ்டமாவது ஒரு நாட்கூலி.

பிறர் உதவி எவருக்குத் தேவை? கண்பார்வை குன்றியவர், எழுதப் படிக்க இயலாதவர், கைப்பேசி கையாளத் தெரியாதவர் ஆகியோருக்குத் தேவைதான். வீட்டில் படிக்கும் பிள்ளையோ, சங்கத்து எழுத்தரோ உடனிருந்து செய்யலாம்; ரகசிய எண் மாத்திரம் அங்கத்தினர் கையாலேயே பதியப்பட வேண்டும். தம் பெயரில் எவரோ போலியாகக் கடன் வாங்கியிருப்பதாக அறிந்தவர் உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவித்துக் காவல் நிலையத்திலும் எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். அப்புகாரின் பிரதி திருத்த மனுவுக்கு வலுவான ஆதாரமாகும். வழக்கு கோர்ட்டுக்குப் போனால் வக்கீலுக்குக் கொடுக்கும் கட்டணம் வீண் செலவன்று. கடன் மலையாக ஏறி எதை முன்னே கட்டுவது என்று தெரியாதவருக்கும் யோசனை சொல்ல ஒருவர் வேண்டும். ஆயினும் அவருக்கு வேண்டியது ஏட்டைத் திருத்துபவரல்லர், வரவு செலவைத் திட்டமிட உதவுபவர்.

ஏற்கெனவே தரகருக்கு முன்பணம் கொடுத்துவிட்டவர்கள், தம் மின்னஞ்சல் கடவுச்சொல்லை முதலில் மாற்றிவிட்டு, நான்கு அறிக்கைகளையும் வரவழைத்து, தாம் கேளாத புதுக்கடனோ விண்ணப்பமோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அறிக்கையில் பதிந்துள்ள கைப்பேசி எண் தம்முடையதுதானா என்பதையும் கவனிக்க வேண்டும். கடன் நிறுவனம் எதுவாயினும் நம் அறிக்கையை எடுத்துப் பார்த்தால் நமக்குக் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ வர வேண்டும் என்பது 2023-ஆம் ஆண்டு உத்தரவு. எண் தரகருடையதாக இருந்தால் அச்செய்தி அவருக்கே போகும். இவ்வாண்டின் இலவச அறிக்கையைத் தரகரே எடுத்துத் தீர்த்திருந்தால், மறு அறிக்கைக்குச் சிறு கட்டணம் ஆகும்; அல்லது ஜனவரி முதல் தேதி வரை பொறுத்தால் இலவசமாகவே மீண்டும் பெறலாம்.